கஸ்பார் தண்டலின் குரல்

கதவைச் சாத்திடலாமா மேடம்? வெளிய யாரோ டப்பிங்குக்குக் காத்திருக்காங்கபோல. அவங்க காதுல விழ வேண்டாம்.

இதுதான் டிவிடி. கீறல் இருக்கு, ஆனா ஓடும். பதினெட்டு நிமிஷப் படம், கறுப்பு வெள்ளை. முழுசா பார்க்க வேண்டாம். பதினாலாவது நிமிஷத்துக்குப் போங்க, ஒரு பொண்ணு உப்புக் குவியல் முன்னால உட்கார்ந்திருப்பா. எங்கிருந்தோ ஒரு ஆம்பளைக் குரல் கதை சொல்லும். அது மேல வயலின் ஓடும். அந்த வயலினை எடுத்துட்டு எனக்குக் குரல் மட்டும் வேணும். நாப்பது செகண்ட்தான். இப்பல்லாம் கம்ப்யூட்டரே பிரிச்சுக் குடுத்துடும்னு சொல்றாங்களே.

அரைமணி நேரம் ஆகுமா? சரி, இருக்கேன்.

யாரோட குரல்னா... ஒரு தண்டலோட குரல். தண்டல்னா தோணிக்குத் தலைவர். தோணின்னா சின்னப் படகுன்னு நினைச்சுடாதீங்க, தூத்துக்குடியில இருந்து சரக்கு ஏத்திக்கிட்டு மாலத்தீவு வரைக்கும் போற மரக்கப்பல். அவர் பேரு கஸ்பார். நான் அவரைப் பார்த்ததே இல்ல. போட்டோவுலகூடப் பார்த்ததில்ல. ஆனா இந்த உலகத்துல அவர் குரல் மனப்பாடமா தெரிஞ்ச ஆளு இப்போ நான் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன். இது பெருமை இல்ல மேடம். உண்மை அது, அதான் சொல்றேன்.

ரெண்டாயிரத்து ஒன்பது. தூத்துக்குடியில ஒரு காலேஜ், விஸ்காம், கடைசி வருஷம். நான் கோவில்பட்டிக்காரன், கடலையே காலேஜுக்கு வந்துதான் பார்த்தேன். கடைசி செமஸ்டருக்கு ஒரு படம் எடுக்கணும். எங்க சார் ஒரு விதி வச்சார். ஒரு ராஜா ராணிக் கதையை எடுத்துக்கணும், ஆனா ராஜா ராணிப் படமா எடுக்கக்கூடாது, வேற வகைப் படமா மாத்தணும். எல்லாரும் காமெடிக்குப் போனாங்க. நான் நுவார் எடுக்கறேன்னேன். உங்களுக்குத் தெரியும்ல, தொப்பி போட்ட துப்பறியும் ஆளு, புகை, சுவர்ல பட்டை பட்டையா நிழல், ஒருத்தனும் யோக்கியன் இல்ல. இருபது வயசுல எனக்கு அதுதான் சினிமா. மத்ததெல்லாம் பொம்மலாட்டம்.

கதைதான் கிடைக்கல. அப்போ ஜெனிற்றா வந்தா. எங்க க்ளாஸ்தான். அதிகமா பேசமாட்டா. பேசினா நேரா பேசுவா.

"எங்கப்பா ஒரு கதை சொல்லுவாரு. உப்பால செஞ்ச பொண்ணு கதை. உனக்கு வேணுமா?"

"சொல்லு."

"நான் சொன்னா நல்லாருக்காது. அப்பா சொன்னதே இருக்கு, கேளு"ன்னு போனை எடுத்து என் காதுல வச்சா.

அப்போ அவங்கப்பா போய் ரெண்டு வருஷம். வெங்காயமும் கருங்கல்லும் ஏத்திக்கிட்டு மாலத்தீவு போன தோணி, ஒன்பது பேரு. நாலு பேரை வேற ஒரு கப்பல்காரங்க தண்ணியில இருந்து எடுத்தாங்க. கஸ்பார் தண்டல் அந்த நாலுல இல்ல. உடம்பும் கிடைக்கல. உடம்பு கிடைக்காததால அவங்கம்மா தாலியைக் கழட்டல. ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாம்னு சர்ச் சாமியார் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கார். அந்தம்மா, "அவுக வரட்டும் சாமி, கேட்டுச் சொல்லுதேன்"னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். ஜெனிற்றா இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா.

அந்த ரெக்கார்டிங் மூணு நிமிஷம் பதினோரு செகண்ட். புது போன் வாங்கின அன்னைக்கு, மைக் வேலை செய்யுதான்னு பார்க்க, "ஏதாச்சும் பேசுங்கப்பா"ன்னு நீட்டியிருக்கா. அந்த மனுஷன் காலேஜ் போற பிள்ளைக்கு, வேணும்னே, அவளுக்கு நாலு வயசுல சொன்ன கதையைச் சொல்றார். பாதியில அவருக்கே சிரிப்பு வருது.

கதை இதுதான். ஒரு ராசா. ராணிக்குப் பிள்ளை இல்ல. ராணி உப்பளத்துக்குப் போயி உப்பைக் கூட்டி ஒரு பொண்ணு செய்யுறா. உப்புக்கு உயிர் வந்துடுது. ஆனா அந்தப் பொண்ணு கண்ணுல மட்டும் தண்ணி வரக்கூடாது, வந்தா கரைஞ்சு போயிடுவா. அதனால அரண்மனையில யாரும் வெங்காயம் உரிக்கிறதில்ல. செத்தவங்களைப் பின்வாசல் வழியாத்தான் தூக்கிட்டுப் போவாங்க. அவளைப் பார்த்தா எல்லாரும் சிரிச்சாகணும், சட்டம். ஒருநாள் அவ கேக்கா, "ஏன் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க?" யாரும் பதில் சொல்லல. மறுநாள் காலையில பாய் மேல ஈரம்தான் கிடக்கு. ராசா அந்த ஈரத்தைத் தொட்டு நாக்குல வச்சுப் பார்க்கான்.

அவ்வளவுதான் கதை. யார் அழ வச்சாங்க, எதுக்கு அழுதா, ஒண்ணும் கிடையாது. நான் காதுல இருந்து போனை எடுத்தப்போ எனக்குப் படம் முழுசா தெரிஞ்சுடுச்சு மேடம். அரண்மனைக்கு ஒரு துப்பறியும் ஆளு வர்றான். தரையில ஈரம் இருக்கு, உடம்பு இல்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கான், "அவளை அழ வச்சது யாரு?" ஒவ்வொருத்தரும் சொல்றாங்க, "நான் இல்ல." எப்படி? இன்னைக்கும் சொல்றேன், நல்ல ஐடியா அது.

"கதையைச் சரியா எழுதணும், கார்டைக் குடு"ன்னேன். போன்ல போடுற அந்தச் சின்ன மெமரி கார்டு. கழட்டிக் குடுத்துட்டா. குடுக்கும்போது ஒண்ணு சொன்னா. "பார்த்துடே. வேற எங்கயும் இல்ல."

உப்புப் பெண்ணா அவளே நடிக்கிறேன்னா. நான் கட்டாயப்படுத்தல. இதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும்.

ஷூட்டிங் அஞ்சு நாள். உப்பளத்துப் பக்கம் ஒரு பழைய உப்பு குடோன். பாதி கூரை தகரம், பாதி ஓடு. ஏப்ரல் மாசம். நுவார்னா ராத்திரி வேணும், ஆனா ஜெனிற்றா பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும், அம்மா தனியா இருப்பாங்க. அதனால எங்க படத்துல வர்ற ராத்திரி எல்லாமே மத்தியானம் ரெண்டு மணிக்குச் செஞ்சதுதான். சன்னல்ல தார்ப்பாய் அடிச்சோம். கல்யாண வீடியோக்காரங்க வச்சிருக்கிற ஹாலஜன் லைட்டை ஒரு கயித்துக் கட்டிலுக்குப் பின்னால நிறுத்தினோம், பட்டை பட்டையா நிழல் விழுந்துச்சு. பனிக்குச் சாம்பிராணி. உள்ள நின்னா உருகிடுவோம். கேமரா பிலவேந்திரன், என் ரூம்மேட். துப்பறியும் ஆளா எங்க லேப் அசிஸ்டென்ட் தங்கத்துரை அண்ணன். நாப்பத்தஞ்சு வயசு, அம்மைத் தழும்பு முகம், அந்த முகம் ஒண்ணு போதும். சர்ச் பேண்ட்ல இருந்து வாங்கின கம்பளிக் கோட்டைப் போட்டுக்கிட்டு அந்த வெக்கையில ஒரு வார்த்தை முணுமுணுக்காம நடிச்சார்.

நாலாவது நாள் அந்த ஷாட். உப்புப் பெண் தனியா உட்கார்ந்திருக்கா. ஏதோ சத்தம் கேட்டுத் திரும்புறா. முதல்முறையா கண்ணுல தண்ணி வருது. படமே அந்தத் தண்ணிக்காகத்தான்.

வரல மேடம். கிளிசரின் போட்டுப் பார்த்தோம், கண்ணு சிவக்குது, அழுகையா தெரியல. பதினாலு டேக். டேப் முடியப்போகுது, குடோன்காரர் நாலு மணிக்குப் பூட்டணும்ங்கிறார். நான் பக்கத்துல போயி உட்கார்ந்து பேசினேன். "உனக்கு இருக்கிற துக்கத்தை நினைச்சுக்கோ"ன்னேன்.

"எந்தத் துக்கம்?"ன்னா.

"அப்பா..."

"எங்க வீட்டுல அதுக்கு இன்னும் அழல. படத்துக்காக எப்படி அழ?"

கோபமா சொல்லல. சந்தேகம் கேக்குற மாதிரி கேட்டா.

அப்போதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. அந்த நிமிஷத்துல தோணினதுதான். உப்பு மூட்டைக்குப் பின்னால ஸ்பீக்கரை வச்சு லேப்டாப்ல இருந்து...

ஸ்பீக்கரா? ஆமா, குடோன்ல ஸ்பீக்கர் எப்படின்னு கேக்குறீங்க. காலையில ஆட்டோவுல கொண்டு போயிருந்தேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு. நீங்க சவுண்ட் ஆளு, சரியாப் பிடிச்சுட்டீங்க.

பிலவேந்திரன்கிட்ட மட்டும் சொன்னேன். அவன், "வேண்டாம்ல"ன்னான். நான், "ஒரு டேக்"னேன். ஜெனிற்றா உட்கார்ந்தா. கேமரா ஓடுச்சு. நான் பட்டனைத் தட்டினேன்.

"ஒருநாள் அவ கேக்கா..." அங்க இருந்து ஆரம்பிச்சேன். கடைசி நாப்பது செகண்ட்.

அந்த குடோன்ல எதிரொலி உண்டு. போன்ல சின்னதா கேட்ட குரல் அங்க ஒரு ஆள் உயரத்துக்கு நின்னுச்சு மேடம். நிஜமாவே மூட்டைக்குப் பின்னால ஒருத்தர் உட்கார்ந்து பேசுற மாதிரி.

அவ திரும்பினா.

அழல. நீங்க இப்போ ஸ்கிரீன்ல பார்க்குறீங்கல்ல, அதேதான். சிரிப்பு. அதைச் சிரிப்புன்னுகூடச் சொல்லக்கூடாது. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டு ஓடுற பிள்ளை முகம். ரெண்டு வருஷமா அந்த வீட்டுல காத்திருந்தது அம்மா மட்டும்தான்னு நான் நினைச்சிருந்தேன். அவளும்தான்னு அந்த முகத்தைப் பார்த்துதான் தெரிஞ்சுது. அவளுக்கே அப்போதான் தெரிஞ்சிருக்கும்.

"அப்பா"ன்னு கேட்டா. எழுந்தா. நடந்தா. ஃப்ரேமை விட்டு இருட்டுக்குள்ள போனா. பிலவேந்திரன் கேமராவைத் திருப்பல. நாங்க சத்தம்தான் கேட்டோம். உப்புல கால் புதையுற சத்தம். அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால நின்னுருக்கா.

எவ்வளவு நேரம் நின்னாளோ. நான், "கட்"டுன்னேன். எல்லாரும் நல்ல டேக்னு கைதட்டுவோம்ல, கை தட்டப்போய் நிறுத்திட்டேன்.

அவ வெளிய வந்தா. வாளித் தண்ணியில முகத்துப் பவுடரைக் கழுவினா. தங்கத்துரை அண்ணன் தொப்பியைக் கழட்டினார், கோட்டைக் கழட்டி மடிச்சு உப்புக் குவியல் மேல வச்சார். "பாப்பா, வா, வீட்டுல விட்டுடுதேன்"னு அவளை டிவிஎஸ் ஃபிப்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டார். என் வயசுல அவருக்கு ஒரு மகன் இருந்தான். அதுக்கப்புறம் லேப்ல சாவி கேட்டாக்கூட மேசையில வச்சுட்டுப் போவார், கையில தரமாட்டார்.

ஓடுதா? எத்தனை பெர்சென்ட்? சரி.

மறுநாள் ஜெனிற்றா வந்து கார்டைக் கேட்டா. குடுத்துட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தா.

"கார்டுல இல்லையே."

நான் லேப்டாப்புக்கு மாத்தும்போது காப்பி பண்ணல, கட் பண்ணிட்டேன். தெரியாம. சத்தியமா தெரியாம. அதுவரைக்கும் என் தப்பு எதுவும் இல்ல. ஃபைல் என் லேப்டாப்ல பத்திரமா இருந்துச்சு. அப்போ நான் என்ன சொல்லியிருக்கணும்? "இருக்கு, இந்தா"ன்னு சொல்லியிருக்கணும். நான், "அழிஞ்சிருச்சுபோல ஜெனி"ன்னேன்.

ஏன்னு கேக்காதீங்க. கேளுங்க, பரவாயில்ல. ஒரு நாள் ஷூட்டிங் பாக்கி இருந்துச்சு. ஃபைலைக் குடுத்துட்டா அவ போயிடுவா, எச்.ஓ.டி.கிட்ட போய் படத்தை நிறுத்துவான்னு பயம். முதல்ல படம் முடியட்டும், திரையிடுற அன்னைக்கு ஒரு சிடியில போட்டு, எல்லார் முன்னாலயும், "தேடிக் கண்டுபிடிச்சுட்டேன்"னு குடுத்துடலாம்னு திட்டம். அவ சந்தோஷப்படுவா, என்னை மன்னிச்சுடுவா. பரிசுப்பொருள் சுத்துற காகிதம்கூட வாங்கி வச்சேன், நீலக் கலர்ல.

அழிஞ்சிருச்சுன்னு நான் சொன்னப்போ அவ அழுவான்னு நினைச்சேன். அழல. "அம்மாகிட்ட சொல்லாத"ன்னா. அது மட்டும்தான். போகும்போது, "நான் அம்மாவுக்கு அதை அப்பப்போ போட்டுக் காட்டுவேன். இனிமே போன் ரிப்பேர்னு சொல்லிக்கிடுதேன்"னா.

பாக்கி ஷூட்டிங்குக்கு வரல. திரையிடலுக்கு வரல. பரீட்சை எழுதிட்டுப் போயிட்டா. படத்துக்கு இங்க சென்னையில ஒரு விழாவுல முதல் பரிசு. ஜட்ஜா வந்த ஒரு அம்மா மேடையில மைக்கைக் குடுத்து, "அந்தச் சிரிப்பை எப்படி வாங்கினே?"ன்னு கேட்டாங்க. நான், "நடிகைக்கும் டைரக்டருக்கும் நடுவுல நம்பிக்கை வேணும்"னேன். கைதட்டினாங்க.

அந்த டிசம்பர் மழையில ரூம்ல தண்ணி வந்து லேப்டாப் போச்சு. ஷூட் பண்ண டேப்பெல்லாம் டிபார்ட்மெண்டோடது, அடுத்த பேட்ச் மேல எடுத்துட்டாங்க. மிச்சம் இந்த டிவிடிதான்.

அதுக்கப்புறம் நான் பெரிய படம் ஒண்ணும் எடுக்கல மேடம். ரெண்டு தடவை கிட்ட வந்துச்சு, போயிடுச்சு. இப்போ ஒரு இன்ஸ்டிட்யூட்ல டைரக்ஷன் சொல்லிக் குடுக்கிறேன். வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு இந்த ஷாட்டைப் போட்டுக் காட்டுவேன். எப்படி எடுத்தேன்னு சொன்னதில்ல. யாராவது கேட்டா, "பொறுமை"ன்னு சொல்லுவேன்.

ஆனா ஒரு விஷயம் இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. எடிட்டிங்ல அந்த மூணு நிமிஷத்தை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன். அந்தக் குரல் என் உள்ள போயி உட்கார்ந்துடுச்சு. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, அஞ்சு வயசு. போன வருஷம் காய்ச்சல்ல படுத்திருந்தா, கதை கேட்டா. நான் வாயைத் திறந்தேன், "ஒரு ராசா இருந்தாராம்"னு வந்துச்சு. நிறுத்த முடியல. அவர் மூச்சு வாங்கின இடத்துல மூச்சு வாங்கினேன். அவர் சிரிச்ச இடத்துல சிரிப்பு வந்துச்சு. எனக்கு அந்த ஊர் பேச்சே வராது மேடம், நான் கரிசக்காட்டு ஆளு. ஆனா அப்போ வந்துச்சு. என் பொண்ணு என்னையே பார்த்தா. "அப்பா, யாரு மாதிரி பேசுறீங்க?"ன்னு கேட்டா. என் மனைவி அடுப்படியில இருந்து வந்து நின்னு பார்த்துட்டு, "வீட்டுக்கு யாரோ வந்துட்டாங்கன்னு நினைச்சேன்"னா.

அன்னையில இருந்து என் பொண்ணு அந்தக் கதையைத்தான் கேக்கா. நான் சொல்றதில்ல. அவ கேக்கும்போதெல்லாம் தொண்டையில வந்து நிக்கும். பல் விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிக்கும்போது. எனக்கு வயசாக ஆக அவர் குரல் இன்னும் நல்லா பொருந்துது. கடல்ல போன ஒரு மனுஷன் கரையேற இடமில்லாம எனக்குள்ள ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. சிரிக்காதீங்க. சரி, நீங்க சிரிக்கல.

போன செவ்வாய்க்கிழமை ஜெனிற்றா போன் பண்ணா. பதினாறு வருஷம் கழிச்சு. நம்பரை பிலவேந்திரன்கிட்ட வாங்கியிருக்கா. திட்டப் போறான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

"நல்லாருக்கியா?"ன்னா. தூத்துக்குடியிலதான் ஒரு ஸ்கூல்ல டீச்சராம். கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க. அம்மா அவகூடத்தான் இருக்காங்க. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போகுதாம். பேரு மறக்குது, தெரு மறக்குது. "ஆனா அதெல்லாம் அம்மாவுக்குப் பெரிசா தெரியல. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவ அப்படியே நிறுத்திட்டு, 'ஜெனி, உங்கப்பா குரல் எப்படி இருக்கும்?'னு கேட்டா. முகம் ஞாபகம் இருக்கு, சட்டை ஞாபகம் இருக்கு, குரல் போச்சு. சொல்லு சொல்லுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் எப்படிச் சொல்ல?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாத்தினேன்.

"எனக்கும் மறந்துபோச்சு. அதான் கேக்கேன். உன் படத்துல அது இருக்குல்ல? நான் பார்த்ததில்ல. பாட்டு, மியூசிக் ஒண்ணும் இல்லாம அதை மட்டும் குடுக்க முடியுமா?"

"தர்றேன்"னேன்.

"கொஞ்சம்தான் இருக்கும், இல்ல?"

"பார்க்கிறேன்"னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னா... அதுக்குத்தான் மேடம் உங்ககிட்ட வந்தேன். வயலினை எடுக்க எங்க இன்ஸ்டிட்யூட் பையனே போதும். நீங்க இன்னொண்ணும் செய்யுறீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒருத்தர் குரல் கொஞ்சம் கிடைச்சா போதும், அவர் பேசாததையும் அவர் குரல்லயே பேச வைப்பீங்களாமே. எனக்கு அந்த மூணு நிமிஷம் பதினோரு செகண்டும் தெரியும். ஒரு சொல், ஒரு இருமல் விடாம தெரியும். நான் அப்படியே பேசிக் காட்டுறேன், நீங்க அது மேல அவர் குரலைப் போட்டுக் குடுங்க. பழைய டிஸ்க்ல முழுசா கிடைச்சுடுச்சுன்னு சொல்லி அனுப்பிடுறேன். அவங்களுக்கு முழுக் கதையும் கிடைக்கும். யாருக்கு நஷ்டம்? அந்த அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை முழுசா கேட்டுட்டுப் போகட்டுமே. நான் எனக்காகக் கேக்கல.

ஏன் மேடம், அப்படிப் பார்க்குறீங்க?

சரி. முதல்ல இது முடியட்டும். முடிஞ்சுடுச்சா? போடுங்க.

...

ஆமா. அவர்தான். எவ்வளவு சுத்தமா வந்துடுச்சு! அந்த எதிரொலிகூட இருக்கு. "ஒருநாள் அவ கேக்கா..." கேளுங்க, இப்போ ஒரு சிரிப்பு வரும். வந்துச்சா? "ராசா அதைத் தொட்டு நாக்குல..." இது ஜெனிற்றா, "அப்பா"ங்கிறது. இப்போ கடைசி வரி...

நிறுத்துங்க.

பின்னால போங்க. அஞ்சு செகண்ட். மறுபடி போடுங்க.

இது யாரு? அவர் பேசும்போது குறுக்க யாரோ குசுகுசுங்குறாங்களே.

இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.

"நிறுத்தாதல பிலவா. ஓடட்டும். இப்ப அழுவா பாரு."

நான்தான் மேடம். என் குரல்தான். கேமரா பக்கத்துல நின்னு சொல்லியிருக்கேன், மைக் பிடிச்சிருக்கு. எடிட்டிங்ல இது எனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் அந்த இடத்துல வயலினை... ஆமா. உணர்ச்சிக்காக ஏத்தினேன்னுதான் இத்தனை வருஷமா க்ளாஸ்ல சொல்லிக்கிட்டு இருக்கேன். எனக்கே அப்படித்தான் ஞாபகம்.

எப்படிச் சந்தோஷமா சொல்றேன் பாருங்க. மீன் கடிக்கிறதைப் பார்த்தவன் மாதிரி.

இதை எடுத்துடலாம்ல? அவங்க கேக்கப் போறது அவரோட குரலை. என் குரல் எதுக்கு அதுல? வெட்டிடுங்க.

என்னது? அதே இடத்துலயா?

மறுபடி போடுங்க. ... ஆமா. "தூங்கு ஜெனி." என் பேச்சுக்குக் கீழதான் இருக்கு. அவர் அவ பேரைச் சொல்றது அந்த ஒரு இடத்துலதான். என்னை எடுத்தா அதுவும் சேர்ந்து போயிடும்ங்கிறீங்க. கொஞ்சம்கூடப் பிரிக்க முடியாதா? முயற்சி பண்ணிப் பாருங்களேன். ... இல்ல, வேண்டாம். ஓட்டை விழுந்த மாதிரி வருது. இது அவர் குரலே இல்ல, தகரத்துல பேசுற மாதிரி இருக்கு.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. இந்த நாப்பது செகண்டை விட்டுட்டு அந்த மூணு நிமிஷத்தைப் புதுசா செஞ்சுட்டா, என் குசுகுசுப்பும் இருக்காது, "தூங்கு ஜெனி"யும் சுத்தமா கிடைச்சுடும். யாருக்கும் தெரியாது. செய்ய முடியும்ங்கிறீங்கல்ல? முடியும். பத்து நாள் போதும்.

அப்போ அவங்க வீட்டுல உட்கார்ந்து ரெண்டு பொம்பளைங்க கேக்கப் போறது என்னை. அவர் சட்டையை நான் போட்டுக்கிட்டு அவங்க வீட்டுக்குள்ள போன மாதிரி. அந்தம்மா, "இவுகதான், இவுகதான்"னு சொல்லுவாங்க. அன்னைக்குக் குடோன்ல அவ திரும்பிப் பார்த்த மாதிரி பார்ப்பாங்க. நான் மூட்டைக்குப் பின்னால இருப்பேன்.

வேண்டாம் மேடம். இப்படியே குடுங்க. நாப்பது செகண்ட், என் பேச்சோட. அனுப்பறதுக்கு முன்னால அவகிட்ட சொல்லிடுறேன், ஃபைல் அழியலைன்னு. மழை வர்ற வரைக்கும் எட்டு மாசம் என்கிட்டதான் இருந்துச்சுன்னு. அவ கேக்காமலே போகலாம். கேட்டுட்டு என்ன வேணும்னாலும் சொல்லட்டும்.

இங்க இருந்தே பேசிடவா? வெளிய போனா பேசமாட்டேன், எனக்குத் தெரியும். நீங்க இருங்க, போகாதீங்க.

ரிங் போகுது.

ஹலோ, ஜெனி, நான்... ஜெனிற்றா இல்லையா? ஸ்கூல்ல இருந்து இன்னும் வரலையா? போனை வச்சுட்டுப் போயிட்டாளா? சரிம்மா. நீங்க... அம்மாதானே? ஆமாம்மா. இல்லம்மா, நான் கேஸ்காரன் இல்ல. ஸ்கூல்ல இருந்தும் இல்ல.

உங்களுக்கு என்னைத் தெரியாது. நானும் உங்களைப் பார்த்ததில்ல.

என் பேரு செண்பகராஜ். அம்மா, ரொம்ப நாளைக்கு முன்னால ஜெனி போன் ரிப்பேராயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பா, ஞாபகம் இருக்கா? பரவாயில்ல, ஞாபகம் இல்லாட்டிப் பரவாயில்ல. அது ரிப்பேர் ஆகலம்மா. அதுல இருந்த அவர் குரலை நான்தான் எடுத்துட்டுப் போனேன்.